ஏழு வருடத்தில் இரண்டு கேஸ் கிரில் போய்விட்டன, மூன்றாவதை எப்படிப் பார்த்து வாங்குவது?

மாடிக்காற்று எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கிரில் நான்கு வருடம் ஓடியது. பர்னர் குழாய்களில் ஓட்டை விழுந்து, ஒரு பக்கம் தீ கொழுந்துவிட்டு எரியும், மறுபக்கம் தட்டு சூடே ஏறாது. இரண்டாவது மூன்றே வருடம். போன வாரம் அடியில் கழுவிவிடலாம் என்று பக்கவாட்டில் கையைக் கொடுத்துத் தூக்கினேன், அடிப்பெட்டியின் ஒரு மூலை அப்படியே கையோடு வந்துவிட்டது. தகடு காய்ந்த சருகு மாதிரி உதிர்கிறது. வெளியே மூடி இன்னமும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளவென்று இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

நாங்கள் ஐந்து பேர். வாரத்துக்கு இரண்டு நாள் சுடுவோம். கிரில் திறந்தவெளியில்தான் நிற்கிறது, உறை போட்டு மூடி வைக்கிறேன். கடையில் கேட்டால் ஆறு பர்னர், மணிக்கு 60,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கிற அலகு) இருக்கிற ஒன்றைக் காட்டி, இதுதான் பலமானது என்கிறார்கள். பர்னர் கூடினால் ஆயுளும் கூடுமா? பத்துப் பதினைந்து வருடம் தாங்குகிற மாதிரி வேண்டும் என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. இந்தப் பழைய கிரிலில் சில மாதங்களாகத் தீ மந்தமாக இருக்கிறது. புது சிலிண்டர் மாட்டியும் அப்படியேதான். மூடியைச் சாத்தி அரை மணி நேரம் வைத்தாலும் மூடியில் இருக்கிற வெப்பமானி 130 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஒரு பர்னரில் மட்டும் மஞ்சளாக எரிகிறது. எப்படியும் தூக்கிப் போடப் போகிறேன், ஆனால் புதிதிலும் இதே கோளாறு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


பட்டறைக்காரன் எழுதியது:

நண்பரே, பர்னர் எண்ணிக்கைக்கும் ஆயுளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பர்னர் கூடினால் கெட்டுப்போகிற சாமான் கூடுகிறது, அவ்வளவுதான். உங்கள் அனுபவத்திலேயே விடை இருக்கிறது. மூடி புதிது மாதிரி இருக்கிறது, அடிப்பெட்டி உதிர்கிறது. காசை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போட்டுவிட்டு, தீயும் எண்ணெயும் உப்பும் விழுகிற இடத்தில் மெல்லிய தகட்டை மடக்கிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அதனால் கடைக்குப் போனதும் முதலில் மூடியைத் திறங்கள், கம்பித் தட்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள், அதற்குக் கீழே பர்னர்களுக்கு மேல் கூரை மாதிரி இருக்கிற தீக்கூரைத் தகடுகளையும் எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இப்போது தெரிவதுதான் நீங்கள் வாங்கப் போகிற கிரில்.

அடிப்பெட்டி அலுமினிய வார்ப்பாக இருந்தால் நல்லது. அலுமினியத்துக்குத் துரு என்பதே இல்லை, வெளியில் பெயின்ட் உரிந்தாலும் பெட்டி நிற்கும். அதற்கு ஒரே எதிரி கொழுப்பு தேங்கிப் பற்றிக்கொள்கிற பெரிய தீ, ஏனென்றால் அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்தது கனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெயின்ட் அடித்த மெல்லிய இரும்புத் தகடு, எனாமல் பூசியது என்றாலும்கூட, ஒரு கீறல் விழுந்ததும் அந்த இடத்திலிருந்து அரிக்க ஆரம்பித்துவிடும்.

சட்டைப்பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். 304 என்கிற ஸ்டீலில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம், அதைத்தான் பாத்திரங்களில் 18/8 என்று போடுகிறார்கள். அதில் காந்தம் ஒட்டாது, மடக்கிய மூலைகளில் மட்டும் லேசாக இழுக்கலாம். 430 என்பதில் நிக்கல் ஏறக்குறைய கிடையாது, காந்தம் படக்கென்று ஒட்டும். 430 மோசம் என்று சொல்லவில்லை, மூடிக்கும் கதவுக்கும் அது போதும், ஆனால் பர்னரும் தீக்கூரைத் தகடும் 304 ஆக இருந்தால் நான் நிம்மதியாக வாங்குவேன். ஒரு எச்சரிக்கை: 201 என்று ஒரு ரகம் இருக்கிறது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு போட்டது, அதிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. ஆகையால் காந்தத்தை மட்டும் நம்பாமல் ரக எண்ணை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் எழுதி எண்ணைப் போடாமல் விட்டிருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

உங்கள் இடம் கடலுக்குப் பக்கமா, நீச்சல் குளத்துக்குப் பக்கமா என்று சொல்லவில்லை. அப்படியென்றால் 304 கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும், உப்பிலும் குளத்துத் தண்ணீரிலும் இருக்கிற குளோரைடு அதன் பரம வைரி. அதே காரணத்துக்காக ப்ளீச்சிங் கலந்த எதையும் ஸ்டீல் மேல் ஊற்றித் தேய்க்காதீர்கள். பளிச்சென்று ஆகும், ஆறு மாதத்தில் பழுப்புப் புள்ளி வரும்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. மூடியின் இரண்டு மூலையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், வண்டியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளுங்கள். கடையிலேயே கடகடவென்று ஆடினால் இரண்டு வருடத்தில் அதன் நட்டு எல்லாம் கழன்றுவிடும்.


பழைய அடுப்பு எழுதியது:

பட்டறைக்காரன் ஐயா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அவர் விட்ட ஒன்றை நான் முதலில் வைப்பேன்: உதிரிபாகம் கிடைக்குமா?

எங்கள் வீட்டு கிரிலுக்கு இப்போது பதினாறு வயது. அதில் பர்னரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன், தீக்கூரைத் தகடு மூன்று முறை, கம்பித் தட்டு ஒரு முறை, பற்றவைக்கிற பட்டன் எத்தனை முறை என்று கணக்கே இல்லை. முதல் நாளிலிருந்து அப்படியே இருப்பது அடிப்பெட்டி, மூடி, சட்டம் மூன்றும்தான். எந்த கிரிலிலும் பர்னர் ஒரு நாள் போகத்தான் செய்யும், தீயிலேயே இருக்கிற சாமான் அது. போனால் மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. நீண்ட நாள் ஒரே வரிசையைத் தொடர்ந்து செய்கிற நிறுவனங்களில் இந்தச் சங்கடம் குறைவு. வெபர் என்கிற நிறுவனத்தின் ஜெனிசிஸ் வரிசை 1985இல் வந்தது, பர்னருக்கு மேல் பரப்புகிற எரிமலைக் கல்லுக்குப் பதிலாகச் சாய்வான இரும்புத் தகடுகளை வைத்தது அதில்தான், இன்றைக்கும் அந்தப் பெயரில் கிரில் வருகிறது. அதற்காக அதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வந்து, ஐந்து வருடத்துக்கு முன் வந்த மாடலுக்கு இன்று பர்னர் விற்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் நீங்கள் இன்று வாங்குவதற்கும் ஐந்து வருடத்தில் அதே கதிதான்.

உத்தரவாதத் தாளையும் சாமான் சாமானாகப் படியுங்கள். முகப்பில் "பத்து வருடம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், உள்ளே பார்த்தால் அது மூடிக்கு மட்டும், பர்னருக்கு இரண்டு வருடம் என்று இருக்கும். என் அக்கா ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டு, எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

உறை பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் உறை போட்டு மூடுகிறேன் என்கிறீர்கள், எப்போது மூடுகிறீர்கள்? சூடு முழுக்க ஆறாமல் மூடினால் அந்த உறையே கிரிலைத் தின்றுவிடும். சிலிண்டரில் இருக்கிற புரொப்பேன் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. மிச்சம் இருக்கிற ஈரமும், மழைக்கு நனைந்த ஈரமும் உறைக்குள் இரவெல்லாம் அடைந்து கிடந்து, தட்டில் ஒட்டியிருக்கிற கொழுப்பிலும் உப்பிலும் ஊறினால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? நான் மறுநாள் காலையில்தான் மூடுவேன். மழை நின்று வெயில் வந்தால் உறையை எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விடுவேன்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சுட்டு முடித்ததும் கம்பித் தட்டு சூடாக இருக்கும்போதே சுரண்டிவிட்டு, ஒரு துணியில் எண்ணெய் தொட்டு இடுக்கியால் பிடித்து மேலாகத் தடவிவிடுவேன். என்னுடையது வார்ப்பிரும்புத் தட்டு, கல்லைப் பழக்குவது மாதிரி பழக்க வேண்டும், விட்டால் துருப்பிடிக்கும். ஆனால் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி வேறு எதுவும் பிடிக்காது. மாதம் ஒருமுறை கொழுப்புத் தட்டை எடுத்துக் கொட்டுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடிப்பெட்டியைப் பெயின்ட் சுரண்டுகிற பட்டையால் வழித்து விடுவேன். கறுப்பாகக் களிம்பு மாதிரி ஒன்று வரும் பாருங்கள், உங்கள் பெட்டியின் மூலையைத் தின்றது அதுதான்.


நீலத்தீ எழுதியது:

மாடிக்காற்று, தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். எல்லாப் பர்னரும் சேர்ந்து மந்தம், புது சிலிண்டரிலும் மந்தம், 130 டிகிரிக்கு மேல் போகவில்லை என்றால் ரெகுலேட்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம். பல ரெகுலேட்டர்களிலும் இணைப்பிகளிலும் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ட்யூப் அறுந்து கேஸ் கொட்டுகிறது என்று அது நினைத்துவிட்டால் ஓட்டத்தைச் சுருக்கிவிடும். சிலிண்டர் வால்வை ஒரே மூச்சில் வேகமாகத் திறந்தாலோ, தீயைக் கூட்டிக் குறைக்கிற பர்னர் திருகு ஏதாவது திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ அது அப்படி நினைத்துக்கொள்ளும். எல்லாத் திருகையும் மூடுங்கள், சிலிண்டரை மூடுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றி இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். மறுபடி மாட்டி, சிலிண்டர் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பர்னரை மட்டும் பற்றவையுங்கள். சில விநாடிகளில் பற்றவில்லை என்றால் மூடிவிட்டு ஐந்து நிமிடம் காற்றாட விட்டுத்தான் அடுத்த முயற்சி. இதில் மட்டும் அவசரம் வேண்டாம், மூடி சாத்திய பெட்டிக்குள் கேஸ் சேர்ந்து முகத்தில் அடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு பர்னர் மஞ்சளாக எரிவது வேறு கதை. அதற்குக் காற்று போகவில்லை. பர்னர் குழாயின் வாய்ப்பக்கம், கேஸைப் பீய்ச்சுகிற ஜெட் வந்து நுழைகிற இடத்தில், சிலந்தி கூடு கட்டியிருக்கும். சின்னச் சிலந்திதான், ஆனால் அந்த வலை கேஸைத் திருப்பி அனுப்பித் திருகுக்குப் பின்னால் தீப்பிடிக்க வைக்கும், விளையாட்டு இல்லை. கிரிலைக் கொஞ்ச நாள் தொடாமல் வைத்திருந்தால் பற்றவைக்கும் முன் அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

பி.டி.யு. விஷயம். 60,000 என்பது அது எவ்வளவு கேஸ் குடிக்கும் என்பதன் கணக்கு, எவ்வளவு நன்றாகச் சுடும் என்பதன் கணக்கு அல்ல. பக்கத்தில் இருக்கிற சின்ன அடுப்பு, பின்னால் இருக்கிற பர்னர் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். முக்கியப் பர்னர்களின் கூட்டுத்தொகையைச் சுடும் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 24 அங்குல அகலம், 18 அங்குல ஆழம் என்றால் 432 சதுர அங்குலம். அதற்கு 35,000 இருந்தால் ஒரு சதுர அங்குலத்துக்கு 81 வரும், தாராளமாகப் போதும். 75லிருந்து 100 வரை இருந்தால் குறையில்லை. கனமான மூடி, அதுவும் இரட்டைச் சுவர் மூடி, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் 75 கூட அருமையாக வேலை செய்யும், மெல்லிய மூடியில் 110 இருந்தாலும் சூடு பின்பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 47,000 பி.டி.யு. இருக்கிறது. 35,000 உள்ளதை முழுத் தீயில் வைத்தால் மணிக்கு முக்கால் கிலோ, 60,000 என்றால் ஒன்றேகால் கிலோ. ஐந்து பேருக்கு மூன்று பர்னர் போதும். ஒரு ஓரத்துப் பர்னரை மட்டும் எரியவிட்டு, மறுபக்கம் தீ படாமல் மெதுவாக வேகவைக்க இடம் கிடைக்கும். இரண்டு பர்னரில் அதற்கு இடம் நெருக்கும்.

குழாய் வழியாக வருகிற இயற்கை எரிவாயு உங்கள் வீட்டில் இருந்தால் அதற்கென்றே செய்த கிரிலைக் கேளுங்கள். சிலிண்டர் கிரிலை அப்படியே குழாயில் மாட்டக் கூடாது. ஜெட் துளையின் அளவும் அழுத்தமும் வேறு வேறு.


மாடிக்காற்று எழுதியது:

நீலத்தீ, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று மாலை நீங்கள் சொன்னபடியே ரெகுலேட்டரைக் கழற்றி, மூன்று நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, திரும்ப மாட்டி, வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்தேன். பதினைந்து நிமிடத்தில் 260 டிகிரி! சில மாதங்களாக நான் புது சிலிண்டர் வாங்கியதும் ஒரே திருப்பில் திறந்துகொண்டிருந்தேன், அதுதான் காரணம்.

மஞ்சள் பர்னரையும் வெளியே எடுத்தேன். வாயில் டார்ச் அடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன், வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சுருள் வந்தது, அதன் நடுவில் உருண்டையாக முட்டைப் பை. இதற்குள் இவ்வளவு நாள் தீ வைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது. மாட்டிப் பற்றவைத்ததும் மற்றவை மாதிரியே நீலமாக எரிகிறது.

ஆனாலும் அடிப்பெட்டி போனது போனதுதான். கொழுப்பு ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே ட்யூப் ஓடுகிறது, அதனால் இனி இதைப் பற்றவைப்பதில்லை என்று முடிவு. பழைய அடுப்பு அக்கா, நீங்கள் கேட்டதுக்குப் பதில்: சுட்டு முடித்து, சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போகும் முன் உறையைப் போட்டுவிடுவேன். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இப்போது புரிகிறது.


சும்மா_ஒருவன் எழுதியது:

எல்லோரும் நல்ல சாமானாக வாங்கு என்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான் வைத்திருப்பது மெல்லிய தகட்டுப் பெட்டி உள்ள சாதாரண கிரில், ஒன்பதாவது வருடம் ஓடுகிறது. காரணம், அது கூரைக்குக் கீழே மூன்று பக்கமும் காற்றோட்டமான இடத்தில், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கிறது, மழையே படாது, உறையே கிடையாது. ஒவ்வொரு முறையும் கொழுப்பை வழித்துவிடுகிறேன். எல்லோராலும் கனமானதை வாங்க முடியாது, அப்படிப்பட்டவர்கள் இடத்தைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். கம்பித் தூரிகையால் தட்டைத் தேய்க்கிறீர்கள் என்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதன் முடி ஒன்று உதிர்ந்து தட்டில் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது, சாப்பாட்டோடு தொண்டைக்குள் போய்விடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2012இல் வெளியிட்ட அறிக்கையில், ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் ஒன்றேகால் வருடத்துக்குள் ஆறு பேர் இப்படிக் கம்பியை விழுங்கி மருத்துவமனைக்கு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள், சிலருக்குக் குடலே துளைத்துவிட்டது. நான் தட்டையான மரத்துண்டால் சுரண்டுகிறேன். சூடான தட்டில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க அந்தக் கம்பி இடைவெளிக்கு ஏற்ற பள்ளம் மரத்திலேயே விழுந்துவிடும், அதற்கப்புறம் அச்சு மாதிரிப் பொருந்தும்.


பட்டறைக்காரன் எழுதியது:

சும்மா_ஒருவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கூரைக்குக் கீழே என்றதும் யாராவது வராந்தாவுக்குள் கொண்டுபோய் வைத்துவிடப் போகிறார்கள், அதற்காகச் சொல்கிறேன். தலைக்கு மேல் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. கையேட்டில் சுவருக்கும் கிரிலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று போட்டிருப்பார்கள், அதைவிடக் கூடுதலாக விடுங்கள், குறைக்காதீர்கள். அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனை கூட வராது. சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் பள்ளத்தில் போய்த் தேங்கும். திறந்தவெளிதான் அதற்குச் சரி.

கம்பித் தூரிகை விஷயத்தில் உங்களுக்கு நூறு கும்பிடு.


மாடிக்காற்று எழுதியது:

இன்று மூன்று கடை ஏறி இறங்கினேன், காந்தமும் அளவு நாடாவும் பையில். முதல் கடையில் அந்த ஆறு பர்னர் கிரிலின் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டியின் அடித்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் "டக்"கென்று திரும்பி வருகிறது. என் பழைய கிரிலின் உட்புறம் அப்படியேதான். பேசாமல் மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது கடையில் மூன்று பர்னர், அலுமினிய வார்ப்புப் பெட்டி, பர்னர் 304 என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, 36,000 பி.டி.யு., பரப்பு 450 சதுர அங்குலம், ஆக 80. மூடியை ஆட்டினேன், அசையவில்லை. பர்னருக்கும் பெட்டிக்கும் ஒரே அளவு உத்தரவாதம். ஏழு வருடத்துக்கு முந்தைய மாடலுக்குப் பர்னர் இருக்கிறதா என்று கேட்டதற்கு, உள்ளே போய் எடுத்து வந்தே காட்டினார் அந்தப் பெரியவர். நாளை வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். பழைய கிரிலின் ட்யூபும் ரெகுலேட்டரும் நன்றாகத்தான் இருக்கின்றன, இப்போது ஓட்டமும் சரியாகிவிட்டது. கூடுதலாக வைத்துக்கொள்ளலாமா?


நீலத்தீ எழுதியது:

வேண்டாம். ட்யூபை விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள், வெளிப்புறத்தில் முடி மாதிரி மெல்லிய வெடிப்பு தெரியும். தெரியாவிட்டாலும் வெயிலில் கிடந்த ரப்பரை நம்ப வேண்டாம். புதிதோடு வருவதையே மாட்டுங்கள்.

மாட்டியதும், முதல் தீ வைக்கும் முன், பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். பர்னர் திருகு எல்லாம் மூடியிருக்கட்டும், சிலிண்டர் மட்டும் திறந்திருக்கட்டும். ஒரு நிமிடம் அப்படியே குனிந்து பாருங்கள். குமிழ் பெரிதாகிக்கொண்டே வந்தால் கசிவு, சிலிண்டரை மூடிவிட்டு இறுக்கி மறுபடி தடவுங்கள். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் இதைச் செய்யுங்கள். அந்தப் பிரஷ்ஷைக் கிரிலின் பக்கத்திலேயே ஒரு ஆணியில் மாட்டி வைத்துவிடுங்கள்.